எதற்கும் இரண்டு நிமிடம்

ஆக்லாந்துக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஓர் எண்ணைக் காப்பாற்றப் போனேன். அந்த எண் முப்பத்திரண்டு.

தூத்துக்குடியில் கப்பல் போக்குவரத்துக் கணக்குப் போடுவது என் தொழில். வெளிநாட்டில் ஒரு கப்பல் கால்வாய் இருக்கிறது. ஒப்பந்தப்படி அதன் பெயரை எழுதக் கூடாது. குறுகலான கால்வாய், எதிரெதிரே இரண்டு கப்பல்கள் போக முடியாது. அதனால் வடக்கிலிருந்து ஓர் அணி, தெற்கிலிருந்து ஓர் அணி என்று முறை வைத்து விடுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாளைக்கு நான்கு மணி நேரம் வாசல் திறந்திருக்கும். ஒரு கப்பல் நுழைந்து பதினைந்து நிமிடம் கழித்து அடுத்தது நுழையலாம் என்றால் பக்கத்துக்குப் பதினாறு, மொத்தம் முப்பத்திரண்டு. நான் அறிக்கையில் எழுதியது அதுதான். முப்பத்திரண்டு போதாது, ஆகவே நடுவழியில் கப்பல்கள் ஒதுங்கி நிற்க இன்னொரு கிளை வெட்ட வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு. கிளை வரவேண்டிய இடத்தில் ஒரு மீன் சந்தையும் இரண்டு தெரு வீடுகளும் இருந்தன.

அதே கால்வாயைக் கணினியில் ஓட்டிப் பார்த்த ஆக்லாந்து அலுவலகம் ஒன்று, நாற்பத்தெட்டு கப்பல் போகலாம், கிளை வேண்டாம் என்றது. கடிதத்தில் கையெழுத்து: கௌரி. நான்கு மாதம் மின்னஞ்சலில் நானும் அவரும் மரியாதையாகச் சண்டை போட்டோம். கடைசியில் கால்வாய்க்காரர்கள் பொறுமை இழந்து, இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து செவ்வாய்க்கிழமை ஓர் எண்ணைச் சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் கணினியின் எண்ணையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இருபத்தெட்டு வருடமாக என் எண்ணை யாரும் திருத்தியதில்லை. பெட்டி கட்டினேன்.

வியாழன் காலை இறங்கினேன். இந்த நாட்டில் தின்பண்டம் எது கொண்டுவந்தாலும் சொல்லிவிட வேண்டும். நான் முறுக்கு, எள்ளுருண்டை, மக்ரூன், பருப்புப் பொடி எல்லாவற்றையும் எடை போட்டு, எது எந்தப் பையில் எந்த மூலையில் இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அதிகாரி அம்மாள் படித்துவிட்டு, “பெட்டியைத் திறக்கவே தேவையில்லை போலிருக்கிறது” என்றார். “இல்லை, திறந்து சரிபாருங்கள்” என்றேன். என் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

தங்கியது மவுண்ட் ஆல்பர்ட்டில், என் மனைவியின் தம்பி ரவியின் வீட்டில். ரவி கணினி வேலை. அவன் மனைவி சுமதி மருத்துவமனையில் நர்ஸ். பழைய மரவீடு ஒன்றின் பின்புறம் கட்டிய வீட்டை மார்ட்கேஜ் போட்டு வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. குடிவந்தாகிவிட்டது, நல்ல நாள் இப்போதுதான் அமைந்தது: ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். என் வருகையும் விழாவும் ஒரே வாரத்தில் அமைந்தது தற்செயல் என்றாள் சுமதி. வேட்டி கட்டிக்கொண்டு ஹோமத்தருகே உட்கார ஒரு பெரியவர் அவளுக்குத் தேவைப்பட்டது என்பது என் கணிப்பு.

வெள்ளியன்று அலுவலகம். எட்டு ஐம்பத்திரண்டு ரயிலுக்கு எட்டரைக்கே நடைமேடையில் நின்றேன். அதற்குள் இரண்டு முறை மழை பெய்து இரண்டு முறை வெயில் அடித்தது. குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் நனைந்தார்கள், காய்ந்தார்கள், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கௌரி நாற்பதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் எதிர்பார்த்த அளவுக்குக் கடுமையாக இல்லை. காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“சேர், உங்கட கணக்கு பிழை எண்டு நான் சொல்லேல்லை. கப்பலுகள் அப்பிடிப் போகேல்லை எண்டுதான் சொல்லுறன். வானம் வெளிச்சமான நாளில பத்து நிமிசத்துக்கு ஒண்டு போயிருக்குது. நீங்கள் ஏன் பதினைஞ்சு போட்டனீங்கள்?”

“பாதுகாப்பு.”

“ஓம், பாதுகாப்புதான். ஆரின்ர பாதுகாப்பு? கப்பல் பைலட்மாற்றையோ, சிக்னல்காரற்றையோ, உங்கடையோ?”

“எல்லோருடையதும் சேர்த்துத்தான்” என்றேன். சொன்னபோது அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ரவி வாழையிலை, மாவிலை, சமித்துக்குச்சி வாங்க என்னைத் தெற்கே மனுகாவ் பக்கம் கூட்டிப் போனான். வழியில் ஓரிடத்தில் காரை மெதுவாக்கி, “அத்தான், இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் இன்னொரு கடல். நடுவுல இவ்வளவுதான் தரை. அந்தக் காலத்துல மாவோரிங்க படகைத் தரையிலயே இழுத்துக்கிட்டுப் போய் அந்தக் கடல்ல விடுவாங்களாம்” என்றான்.

“கால்வாய் வெட்டலையா?”

“பேசுனாங்களாம். வெட்டலை.”

நான் இறங்கிப் பார்த்தேன். இரண்டு கடலுக்கு நடுவே கார் கடைகளும் டயர் கடைகளும் இருந்தன. பசியோடு வந்தவன் மூடிய ஓட்டல் வாசலில் நிற்பதுபோல் சிறிது நேரம் நின்றேன். படகுகளை ஒவ்வொன்றாக இழுத்தார்களா, வரிசையாக இழுத்தார்களா, இடைவெளி எவ்வளவு என்று ரவியிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போதுதான் அவன் தன் கவலையைச் சொன்னான். அவர்கள் வீட்டுக்குத் தெருவிலிருந்து ஒரு டிரைவ்வே. அறுபது மீட்டர் நீளம், ஒரு கார் அகலம், இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வளைவு. முன்வீட்டு மார்கரெட்டுக்கும் அதே பாதைதான். விருந்தினர்கள் தெருவில் நிறுத்தலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் குழாய் பதிக்கிற வேலைக்காகத் தெரு முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலை நடக்கவில்லை, கூம்புகள் மட்டும் நின்றன. பின்புறப் புல்வெளியில் பதினான்கு கார் நிற்கும். ஆனால் உள்ளே போகிற காரும் வெளியே வருகிற காரும் வளைவில் சந்தித்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். போன மாதம் அப்படி மார்கரெட்டின் ரோஜாச் செடி ஒன்று போய்விட்டது.

“ஒரு பாதை, இரண்டு திசை, ஒதுங்க இடமில்லை” என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தை ரவி கவனித்திருக்க வேண்டும். “அத்தான், நீங்களே ஏதாவது பண்ணுங்களேன்” என்றான்.

அன்று மாலை அட்டவணை தயாரித்தேன். பால் காய்ச்ச நல்ல நேரம் பத்தே காலிலிருந்து பத்தே முக்கால் வரை. விருந்தினர்கள் டிரைவ்வேக்குப் பக்கத்து மூலையில் உள்ள டெய்ரி வாசலில் கூடுவார்கள். இந்த ஊரில் டெய்ரி என்றால் பால் பண்ணை இல்லை, பாலோடு சிப்ஸும் செய்தித்தாளும் விற்கிற மூலைக்கடை. ஒன்பதரைக்கு உள்செல்லும் அணி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார். பதினான்கு கார், இருபத்தெட்டு நிமிடம். பத்து மணிக்கு மார்கரெட் வெளியே போக வழி திறக்கும். அவருக்குப் புல்தரையில் பந்துருட்டும் ஆட்டம் ஒன்று இருந்தது. வாசலில் நான், உள்ளே ரவி, தொடர்புக்குக் கைப்பேசி. தாம்பூலப் பையில் போட வைத்திருந்த ரவிக்கைத் துணிகளிலிருந்து சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று கேட்டு வாங்கினேன். “திருப்பிக் குடுத்துருங்கண்ணா, எண்ணி வாங்கியிருக்கேன்” என்றாள் சுமதி.

ரவி அட்டவணையை வாட்ஸ்அப் குழுவில் போட்டான். போடுவதற்கு முன் ஒன்பதரையை ஒன்பது ஆக்கினான். “நம்ம ஆளுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா அத்தான்?” சமையலறையில் சுமதி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்துகொண்டிருந்தாள். “எட்டரைக்கு வந்துருங்க, என்ன?” என்று அவள் சொல்வது கேட்டது. இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நான் ஒன்பதரை என்று எழுதியதிலேயே கால் மணி நேரம் கூட்டி வைத்திருந்தேன் என்பதை நானும் சொல்லவில்லை.

மரியாதைக்காகக் கௌரியையும் அழைத்திருந்தேன். “கட்டாயம் வாறன் சேர்” என்றார்.

ஞாயிறு காலை எட்டு முப்பத்தைந்துக்கு டெய்ரி வாசலுக்குப் போனேன். ஏழு கார்கள் நின்றன. பட்டுப்புடவைகள் மழைக்குக் கடையின் தகரத்தடியில் ஒண்டி நின்றன. அணியைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று குழுவில் யாரோ எழுதியதில் பயந்து, வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார்கள். ஒன்பதுக்குள் பதினொன்று. கடைக்காரர் சமோசா எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பலகை மாட்டினார்.

குருக்களிடம் மட்டும் எல்லோரும் உண்மையான நேரத்தைச் சொல்லியிருந்தார்கள். அவர் சரியாக ஒன்பதரைக்கு வந்தார். பன்னிரண்டாவது கார்.

ஒன்பதரைக்குப் பச்சை ரவிக்கைத் துணியை வீசினேன். முதல் கார் போனது. இரண்டு நிமிடம் கடிகாரத்தில் பார்த்து, ரவிக்குப் போன் செய்தேன்.

“வந்தாச்சா?”

“வந்தாச்சு அத்தான், இருங்க. மாமி இறங்கிட்டிருக்காங்க. சேலை கதவுல மாட்டிக்கிச்சு… ஆங், இப்ப ஓகே. எதுக்கும் ஒரு நிமிஷம் பொறுங்க.”

பொறுத்தேன். பச்சையை வீசினேன். இரண்டாவது காரில் இருந்தவர் தலையை வெளியே நீட்டி, “போலாமா சார்? எதுத்தாப்ல யாரும் வரலையே? கன்ஃபார்மா?” என்று கேட்டு, நான் உறுதி சொன்ன பிறகும் எதற்கும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் ஒழுங்காக, நிதானமாக நடந்தது. ஒரு செடிக்கும் சேதமில்லை. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

பத்து மணிக்குச் சிவப்பைக் காட்டினேன். மார்கரெட் நொடி தவறாமல் வெளியே வந்தார். எழுபத்தெட்டு வயது, வெள்ளைத் தொப்பி. கார்க் கண்ணாடியை இறக்கி, “நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன். இந்தப் பாதை இவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அற்புதம்!” என்றார். நான் தலைவணங்கினேன். அது பாராட்டு என்றுதான் அப்போது நினைத்தேன். எதற்கும் அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, பத்து பத்துக்கு மறுபடி பச்சையை எடுத்தேன்.

பத்து இருபதுக்குப் பார்த்தால் உள்ளே போனவை எட்டு. நல்ல நேரம் ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே பால் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. குருக்கள் டெய்ரி வாசலில் இருக்கிறார்.

குருக்கள் காரைவிட்டு இறங்கினார். யாழ்ப்பாணத்து மனிதர், கனத்த சரீரம். ஒரு கையில் பூஜைப்பை, ஒரு கையில் தேங்காய் மூட்டை. என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், டிரைவ்வேயைப் பார்த்தார். அது கண்ணுக்கெட்டிய வரை காலியாகக் கிடந்தது.

“தம்பி, இதில ஆர் வருகினம் எண்டு நிக்கிறியள்?”

“யாரும் வரலைங்க. இடைவெளி.”

“நல்லது. இடைவெளியில நான் நடந்து போறன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் சமையல்காரர் கவுண்டர் தன் வேனைத் திறந்தார். பிஜியில் பிறந்தவர், பாட்டன் காலத்துத் தமிழில் அவரிடம் மிஞ்சியது பெயரும் நாலைந்து சொல்லும்தான். சாம்பார்ப் பாத்திரத்தைத் தோளில் ஏற்றி, “அண்ணா, சாப்பாடு நிக்காது!” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் மிச்சக் கார்களின் கதவுகள் எல்லாம் திறந்தன. பட்டுப்புடவைகள், சீர்வரிசைத் தட்டுகள், ஒரு குத்துவிளக்கு, பரிசாக வந்த ஓர் ஏர் ஃப்ரையர் எல்லாம் வரிசையாக என்னைக் கடந்து போயின. நான் பச்சையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கடைசியாகக் கௌரி வந்தார். ஒன்பது மணிக்கே வந்து ஒன்பதாவது காரில் உட்கார்ந்திருந்தாராம். கையில் அழைப்பிதழ். அதன் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு பத்தி எண்கள்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. ஒரு கார் உள்ளுக்குப் போய்ச் சேர நாப்பது செக்கன். அடுத்த கார் வெளிக்கிட சராசரி அஞ்சு நிமிசம். மிச்ச நேரம் எல்லாம் உங்கட கால்வாய் சும்மா கிடக்குது.”

“நான் இரண்டு நிமிடம்தான் போட்டேன்” என்றேன்.

“ஓம். நீங்கள் ரெண்டு. அதுக்கு மேல உங்கட மச்சான் ஒண்டரை. அதுக்கு மேல கார் ஓடுறவர் ஒண்டரை. மூண்டு பேருக்கும் ஒரே பயம்தான், வளைவில முட்டுப்படும் எண்டு. ஒரு பயத்துக்கு மூண்டு தரம் காவல்.”

அவர் என்னைச் சேர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்பதை மட்டும் கவனித்தேன்.

பால் பத்து முப்பத்தொன்பதுக்குப் பொங்கியது. நடந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் துணிகளை மடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் பொங்கி முடிந்துவிட்டது. பந்தியில் கௌரி பக்கத்தில் உட்கார்ந்தேன். கவுண்டரின் சாம்பாரில் சற்று இனிப்பு தூக்கல். “போதுமா? போதுமா?” என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார், போதும் என்றதற்கு மேலும் ஒரு கரண்டி.

“பாத்தீங்களோ,” என்றார் கௌரி, “இவரும் எதுக்கும் எண்டு ஒரு கரண்டி.”

திங்கள் விடுப்பு எடுத்தவன்போல் அறையில் உட்கார்ந்து என் நாட்குறிப்பைப் புரட்டினேன். கால்வாய் வேலைக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். யார், எந்த இடத்தில், என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதுவது வழக்கம். கப்பலை வழிநடத்தும் பைலட்டுகளின் தலைவர் தேநீர்க்கடையில் சொன்னது இருந்தது: பத்து நிமிடம் போதும், எதற்கும் பன்னிரண்டு என்று போடுங்கள். நான்கு பக்கம் தள்ளி சிக்னல் நிலையத்தின் மேலாளர்: பைலட்டுகள் பன்னிரண்டு என்றார்களா, அப்படியானால் எதற்கும் பதினான்கு. அதற்குக் கீழே என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: பதினைந்து, கணக்குக்கு வசதி.

மூன்று பேர். மூன்று பேருமே நல்லவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருவர் ஏற்கெனவே கூட்டியிருக்கிறார்கள் என்று என் கைப்படவே எழுதி வைத்துவிட்டு, அதன் மேல் நானும் கூட்டி, அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு மீன் சந்தையையும் இரண்டு தெருவையும் காலி செய்யச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்தை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்னண்ணா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். பச்சை ரவிக்கைத் துணி எங்கே என்று கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். கொடுத்தேன்.

அதே நோட்டில் இன்னொன்றும் கிடைத்தது. மணற்காற்று அடித்து, எதிரே நிற்கும் கப்பலே தெரியாமல் போன நாட்களின் குறிப்பு. கௌரியின் கணினிக்கு அப்படி ஒரு நாள் தெரியாது. அதற்குக் கிடைத்தவை வானம் தெளிந்த நாட்கள் மட்டுமே. எனக்கு லேசாக உயிர் வந்தது.

செவ்வாய் காலை, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, நோட்டை அவர் மேஜையில் திறந்து வைத்தேன். முதலில் ‘பதினைந்து’ என்று அடிக்கோடிட்ட பக்கம். அவர் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. பிறகு மணற்காற்றுப் பக்கங்கள். அதை இரண்டு முறை படித்தார்.

“இதை ஏன் அண்ணை முதலே அனுப்பேல்லை?”

“நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் பாதுகாப்பு வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைத்தேன்.”

“வேண்டாம் எண்டு சொல்லேல்லையே. ஒரே ஒரு இடத்தில, ஒரே ஒரு ஆள் போடட்டும். அந்த ஆளின்ர பேரும் பக்கத்தில இருக்கட்டும்.”

அப்படியே செய்தோம். கப்பல் போக உண்மையில் தேவை பத்து நிமிடம். காற்றுக்கும் மணலுக்கும் இரண்டு நிமிடம். அதற்கு எதிரே என் பெயர், என் கையெழுத்து. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் பக்கத்துக்கு இருபது, மொத்தம் நாற்பது. கிளை வெட்ட வேண்டியதில்லை.

திரையில் கால்வாய்க்காரர்கள் நான்கு பேர் தெரிந்தார்கள். முப்பத்திரண்டு தவறு என்று நானே சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறை என்பதால் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் கேட்டார்: “நான்கு மாதம் தெரியாதது நான்கு நாளில் எப்படித் தெரிந்தது?”

நான் ரவிக்கைத் துணிகளை நினைத்து வாயைத் திறந்தேன். கௌரி முந்திக்கொண்டார். “ஞாயிற்றுக்கிழமை சிறிய அளவில் ஒரு நேரடிச் சோதனை நடத்தினோம்” என்றார் தெளிவான ஆங்கிலத்தில். “பதினான்கு வாகனங்கள். ஒரு பாதிரியார் நடந்து கடந்தார்.” அவர்கள் நால்வரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஊர் திரும்பும் நாள். விமான நிலையத்தில் இறங்கியபோது மணி எட்டு. சோதனைகள் முடிந்து உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உள்ளே போகவே முடியவில்லை. என் விமானத்துக்கான செக்-இன் கவுண்டர் திறக்கவே இல்லை. பெருக்கிக்கொண்டிருந்தவர் பலகையைப் பார்த்து, “இது மத்தியானம்தான் ஐயா திறக்கும்” என்றார்.

பெட்டிமேல் உட்கார்ந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். விமானம் மூன்று மணிக்கு. மூன்று மணி நேரம் முன்பு வரச் சொன்னது விமானக்காரர்கள். வழியில் கூம்புகள் இருக்கும் என்று ஒரு மணி நேரம் கூட்டியது ரவி. மழை வரும் என்று அரை மணி கூட்டி எங்களை எழுப்பிவிட்டது சுமதி. இவை போக இன்னும் இரண்டரை மணி நேரம் மிச்சம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கூம்பும் இல்லை, மழையும் இல்லை, பாதை முழுக்கக் காலி. அதில் மிஞ்சியது அரை மணி. மீதி இரண்டு மணிக்கு விடை நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. புறப்படும் முன் ரவிக்கு எழுதிய செய்தியின் நகல்: திரும்பும் விமானம் ஒரு மணிக்கு.

கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கௌரி.

“அண்ணை, விமானம் எத்தினை மணிக்கு?”

இந்த முறை உண்மையான நேரத்தை எழுதினேன். மூன்று மணி.

“இப்பவே ஏயார்போட்டில இருக்கிறீங்கள், என்ன?”

காலியான கவுண்டரைப் பார்த்தேன். ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன்.

“ஓம்.”